வாளிக்கணக்கு: டாக்காவிலும் மத்லபிலும் ஏழு நாள்

நாள் 1

சென்னை விமான நிலையத்தில் டாக்கா வரிசை எது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கையில் எக்ஸ்ரே உறை, மருந்துப் பை, சக்கர நாற்காலியில் ஒரு அம்மா, அதைத் தள்ளிக்கொண்டு ஒரு மகன், அந்த வரிசைதான். பாதிப் பேர் வேலூரில் வைத்தியம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்துகளில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக ஆய்வுக் களப்பணியாளர். அதாவது ஒரு மருந்தையோ தடுப்பூசியையோ சோதிக்கும்போது வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது, ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது, பிள்ளைகளின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்து சாயங்காலத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது. நான் வேலை பார்க்கும் தெருக்களில் எனக்கு ‘பீ டப்பா அக்கா’ என்று பெயர். கோபமெல்லாம் இல்லை, பொருத்தமான பெயர்தான்.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு டாக்கா ஒரு காசி மாதிரி. வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி என்றால் எல்லா வழியும் கடைசியில் அங்கே போய்த்தான் முட்டும். எங்கள் குழுவிலிருந்து என்னையும் என்னைவிட நான்கு வயது மூத்த ஓர் அக்காவையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்காவில் இறங்கியதும் முதல் பாடம் டிராஃபிக். நாங்கள் போக வேண்டியது மொஹாகாலியில் இருக்கிற வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்துக்கு, அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு. ஐசிடிடிஆர்பி என்கிற அதன் நீளப் பெயரை ஓட்டுநரிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். விழித்தார். அக்கா பொறுமை இழந்து “காலரா!” என்று கத்தினாள். “ஓ, கலேரா ஹாஸ்பத்தால்!” என்று சிரித்து வண்டியை எடுத்தார். ஊரில் அதற்கு அதுதான் பெயர்.

நாள் 2

இன்று முழுக்க வார்டில்.

முதலில் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடக்குகிற துணிக்கட்டில், மேலே ரெக்சின் விரிப்பு, இடுப்பு வருகிற இடத்தில் ஓர் ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே ஒரு வாளி. அவ்வளவுதான் காலரா கட்டில். படங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக அதைப் பார்க்கும்போது வாயடைத்துப் போகிறது. ஓட்டை போட்ட கட்டிலில் ஒரு மனுஷனைப் படுக்க வைப்பது மரியாதைக் குறைவு என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுந்து கக்கூஸ் வரை நடக்கத் தெம்பில்லாத ஆளுக்கு, மணிக்கு ஒரு லிட்டர் வரை போகிற ஆளுக்கு, அதைவிட மரியாதையான ஏற்பாடு என்ன என்று அடுத்த நிமிடமே யோசித்தேன். மேலே ஒரு லுங்கியோ சேலையோ போர்த்தியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ மனைவியோ கையில் குவளையோடு ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே சிகிச்சை இலவசம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். மழைக்கு முந்தின வெயில் காலத்தில் ஒரு கூட்டம், மழை ஓய்ந்ததும் இன்னொரு கூட்டம். 2022 மார்ச், ஏப்ரலில் ஒரே நாளில் 1,300 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள், வெளியே கூடாரம் போட்டுச் சமாளித்தார்களாம். வருகிறவர்களில் ஐம்பதாவது ஆள் எவரோ அவரிடம் மட்டும் விரிவாகக் கேள்வி கேட்டு, மலத்தையும் சோதித்து எழுதி வைக்கிறார்கள். பணக்காரரா ஏழையா, நோய் கூடுதலா குறைச்சலா என்றெல்லாம் பார்ப்பதில்லை, எண்ணிக்கை சொல்கிற ஆள்தான். நகரத்தில் எந்தக் கிருமி ஏறுகிறது, எந்த மருந்துக்கு அது மசியவில்லை என்பதை இந்த ஐம்பதாவது ஆட்களை வைத்தே வருடக்கணக்காகக் கவனித்து வருகிறார்கள். நான் நின்றபோது ஐம்பதாவதாக வந்தது ஒரு ரிக்‌ஷா ஓட்டுகிறவர். தன்னிடம் மட்டும் ஏன் இத்தனை கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை, தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிட்டார். நர்ஸ் அவருடைய தலையைத் தடவி என்னவோ சொன்னார். பிறகுதான் பதில் சொன்னார்.

அந்த வாளியைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்த இடம் 1960 டிசம்பரில் தொடங்கியது, அப்போது இது கிழக்குப் பாகிஸ்தான். சீட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் ஆதரவில், அமெரிக்கப் பணத்தில் வந்த காலரா ஆய்வகம். தங்கள் படைகள் இந்தப் பக்கம் இருக்கின்றனவே, காலரா வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் அதன் பின்னால் இருந்தது, ஏழைகள் மேல் வந்த இரக்கம் மட்டும் இல்லை. அப்போதைக்குக் காலராவுக்கு ஒரே வைத்தியம் ரத்தக்குழாய் வழியாக உப்புநீர் ஏற்றுவதுதான். அதற்குப் பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். கிராமத்தில் எதுவும் இல்லை.

வாய் வழியாகக் கொடுத்தால் என்ன என்று பலர் முயன்றிருக்கிறார்கள். ராபர்ட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் 1960-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் சோதித்தபோது, உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்று கண்டார். ஆனால் அதைத் தொடர்ந்து நடந்த சோதனையில் சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அந்த மனிதர்தான் பிறகு டாக்கா ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். அவருக்குக் கீழே டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்று முப்பது வயதுகூட ஆகாத இரண்டு மருத்துவர்கள், மறுபடியும் அதே சோதனையைச் செய்ய வேண்டும் என்று நிற்கிறார்கள். அவர் தயங்கினார் என்று படிக்கும்போது எனக்கு அவர் மேல்தான் மனசு போகிறது. ஒரு சோதனையில் ஆள் இறந்த பிறகு அடுத்த படிவத்தில் கையெழுத்துப் போடுகிற கை எப்படி நடுங்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்த இரண்டு பேரும் கண்டுபிடித்தது புது மருந்து இல்லை, கணக்கு. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாளியைப் பார், அளவை எழுது, அதே அளவு குடிக்கக் கொடு, மறுபடி வாளியைப் பார். 1968-இல் 29 நோயாளிகளுக்கு ராவும் பகலும் இதைச் செய்தார்கள். முதலில் ஊசி வழியாக ஏற்றித் தேற்றிவிட்டு, அதன் பிறகு வாய்வழிக் கரைசல். ஏற்ற வேண்டிய உப்புநீரில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சமானது. அந்த ஆகஸ்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மருந்துக்கடையில் இன்று நாம் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தின் முக்கியமான வேர் அது.

எனக்கு ஒரே ஒரு உறுத்தல். மருத்துவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த 29 பேர்? வயிறு காலியாகி, கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளின மடிப்பு அப்படியே நிற்கும் நிலையில் வந்து, யாரோ கொடுத்ததைக் குடித்துக்கொண்டே இருந்தவர்கள். அவர்கள் பெயர் கட்டுரையில் இருக்கக் கூடாது. அதுதான் விதி, அந்த விதியைக் காப்பாற்றித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் சாயங்காலம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தெருவில் ஃபுச்கா சாப்பிட்டோம். (நம்ம பானிபூரியின் பெரியப்பா மகன்.)

நாள் 3

ஃபுச்கா.

அதிகாலை மூன்று மணிக்கு ஆரம்பித்தது. அக்கா சிரித்துச் சிரித்து, கடைசியில் அறையில் இருந்த அளவு போட்ட குவளையை எடுத்து வைத்து “கணக்கு எழுது” என்றாள். இந்த ஊர்ப் பொட்டலம் அரை லிட்டருக்கு, நம் ஊர்ப் பெரிய பொட்டலம் மாதிரி ஒரு லிட்டருக்கு இல்லை, ஆகவே தண்ணீரைப் பார்த்து ஊற்ற வேண்டும். மதியத்துக்குள் மூன்று பொட்டலம். போகிற அளவுக்குக் குடி என்று பதினோரு வருடமாகத் தாய்மார்களுக்குச் சொல்லி வருகிறேன். குமட்டும்போது குடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. முதல் பொட்டலம் குடிக்கையில் உப்பே தெரியவில்லை, நன்றாகக்கூட இருந்தது. மூன்றாவது கடல்தண்ணி.

இன்றைக்கு இவ்வளவுதான்.

நாள் 4

இந்த மையத்தின் கிராமக் களநிலையம் மத்லபில் இருக்கிறது. சாலை வழியாகவும் அங்கே போகலாம், நாங்கள் டாக்காவின் சொதர்காட் படகுத்துறையிலிருந்து லாஞ்சில் சாந்த்பூர் போய் அங்கிருந்து சிஎன்ஜியில் போனோம் (இங்கே ஆட்டோவுக்கு அதுதான் பேர்). புரிகங்கா தண்ணீர் கறுப்பு மை. ஓரிரண்டு மணி நேரம் கழித்து மேக்னாவில் ஏறியதும் எது ஆறு எது வானம் என்று தெரியவில்லை. காவிரியைப் பார்த்து வளர்ந்தவள் நான், இதைப் பார்த்த பிறகு அதை ஆறு என்று சொல்ல வாய் கூசுகிறது (தஞ்சாவூர்க்காரர்கள் மன்னிக்கவும்).

சாந்த்பூரில் பத்மாவும் மேக்னாவும் சேர்கின்றன. இலிஷ் மீனுக்குப் பேர்போன ஊர். என் வயிற்று நிலையில் வெறும் சோறும் உருளைக்கிழங்கு மசியலும்தான். அக்கா என் எதிரில் உட்கார்ந்து இரண்டு துண்டு இலிஷ் சாப்பிட்டாள், முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மெதுவாக.

இந்த நிலம் முழுக்கத் தண்ணீர். அதனால்தான் 1963-இல் களநிலையம் வைக்க மத்லபைத் தேர்ந்தெடுத்தார்கள். வருடம் தவறாமல் காலரா வரும் இடம். நோயாளிகளை அந்தக் காலத்தில் வேகப்படகில் கொண்டுவந்தார்கள்.

நாள் 5

மத்லபில் ஒரு வீட்டுக்கு நீங்கள் போனால், அந்த வீட்டில் யார் எப்போது பிறந்தார், யார் எப்போது செத்தார், யார் எந்த வருடம் கட்டிக்கொடுத்துப் போனார், யார் வேலைக்கு டாக்கா போனார் என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். 1966 முதல் இன்று வரை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சுகாதாரப் பணியாளர் பெண் முறை வைத்து வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போகிறார். ஆரம்பத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிப் பாட்டிகள்தான் வீடு வீடாக விசாரித்து வந்தார்களாம். இப்போது கையில் டேப்லெட்.

நாங்கள் ஓர் ‘ஆபா’ பின்னால் போனோம். ஆபா என்றால் அக்கா. காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வாழை, பாக்கு, குளம், குளத்தைச் சுற்றி ஐந்தாறு வீடு, நடுவில் ஒரே முற்றம். ஆபா முற்றத்தில் கால் வைத்த உடனே நாற்காலி வந்தது, பாக்கு வந்தது, ஒரு பாட்டி என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து மெலிந்திருக்கிறாய் என்றாள் (ஃபுச்காவின் கருணை). ஆபா எதையும் கேள்வி மாதிரியே கேட்கவில்லை. “பெரிய மருமகள் எப்போ வருவா, இது ஏழாம் மாசம்தானே” என்று பேச்சு வாக்கில் கேட்டுக்கொண்டே விரலால் திரையில் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எனக்கு நாற்பது கேள்வி கொண்ட தாள் கொடுத்து, வரிசை மாறாமல் வாசி என்பார்கள். தாள் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபா மாதிரி கேட்க எனக்கு இன்னும் பத்து வருடம் ஆகும்.

பாட்டிக்குத் தன் எண் தெரியவில்லை. ஆபா சட்டென்று சொன்னார். பாட்டி என்னைப் பார்த்து, “பார், நான் யாருன்னு இவளுக்குத் தெரியும்” என்பது போல ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

1985-இல் இங்கே குடிக்கும் காலராத் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்தது. பிள்ளைகளும் பெண்களும் மட்டும். மூன்று குழு. இரண்டு குழுவுக்கு இரண்டு விதத் தடுப்பு மருந்து, மூன்றாவது குழுவுக்குக் காலராவோடு சம்பந்தமில்லாத, செத்த கிருமி கலந்த வேறொரு பானம். யாருக்கு எது என்று குடிக்கிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மூன்று தவணையையும் குடித்தார்கள். மூன்று வருடம் பார்த்ததில் மருந்து ஏறக்குறைய பாதி நோயைத் தடுத்தது. சின்னப் பிள்ளைகளிடம் அது சீக்கிரமே கரைந்துபோனது. செலவு அதிகம் பிடிக்கும் ஒரு சேர்மானம் இல்லாமலே நீண்ட நாள் பலன் ஏறத்தாழ அதே என்றும் தெரிந்தது, பிற்பாடு மலிவான மருந்து வந்ததற்கு அது ஒரு காரணம். 

பாட்டி குடித்தாளா என்று கேட்டேன். குடித்தாளாம், புளிப்பாக இருந்ததாம். எது கிடைத்தது என்று யாராவது பிறகு சொன்னார்களா? பாட்டி ஆபாவைப் பார்த்தாள், ஆபா அப்போது பிறந்தே இருக்கவில்லை. “எதுவா இருந்தா என்ன, நான் இருக்கேனே” என்று பாட்டி பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அது போதவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஓர் அம்மா என்னை வழிமறித்து, “என் பிள்ளைகிட்ட நாலு தடவை ரத்தம் எடுத்தியே, என்ன ஆச்சு அது?” என்று கேட்டார். ஆய்வு முடிந்து கட்டுரையும் வந்துவிட்டிருந்தது. வீடுகளுக்குப் போய்ச் சொல்ல எங்களுக்கு நேரமும் ஒதுக்கவில்லை, பணமும் ஒதுக்கவில்லை. ஆய்வை நடத்திய இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். “நல்லா வந்துச்சும்மா” என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1977-இல் இந்தக் கிராமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பணியாளர் வீட்டு வாசலுக்கே வந்து கருத்தடை சாதனம் தருவார், பிறகு தாய்சேய் நலமும் சேர்ந்தது. மறுபாதிக்கு அரசாங்கம் எல்லா ஊருக்கும் தருகிற வழக்கமான சேவை மட்டும். வாசலுக்கு வந்த பாதியில் பிறப்பு வேகமாகக் குறைந்தது, உலகமே இதை மேற்கோள் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது என்று நானே பயிற்சி வகுப்பில் சொல்வேன். ஆனால் அந்தக் கோடு இங்கே நிஜமான வரப்பு. அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒன்று, இந்தப் பக்கம் வந்த மருமகளுக்கு வேறொன்று. வயிற்றுப்போக்கு சிகிச்சை மட்டும் இரு பக்கத்துக்கும் இலவசம். அக்காவும் நானும் இரவு வெகுநேரம் இதைப் பற்றிச் சண்டை போட்டோம். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய்ச் சோதனையை அவள் எடுத்துப் பேசினாள். பாதிப் பேரை சானடோரியத்தில் படுக்கவைத்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்ததால்தானே வீட்டிலேயே குணமாகும் என்று உலகத்துக்குத் தெரிந்தது என்றாள். சரிதான். ஆனால் அங்கே இரண்டு பக்கத்துக்கும் மருந்து இருந்தது என்றேன். “தூங்கு” என்றாள்.

நாள் 6

காலையில் மத்லப் ஆஸ்பத்திரி. புது ஆய்வு ஒன்றுக்கு ஒப்புதல் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார்கள். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும். அம்மாவுக்கு வயது இருபதுகூட இராது. படிவத்தை வாசித்து முடித்ததும் ஊழியர் “புரிந்ததா” என்று கேட்கவில்லை. “நான் சொன்னதை நீ எனக்குச் சொல்லு” என்றார். அந்தப் பெண் மூன்று விஷயம் சொன்னாள், நான்காவதை விட்டுவிட்டாள்: வேண்டாமென்றாலும் வைத்தியம் நிற்காது என்பது. ஊழியர் அதை மட்டும் மறுபடி சொன்னார். பெண் கொஞ்ச நேரம் யோசித்து, வேண்டாம் என்றாள். ஊழியர் சிரித்துவிட்டு, படிவத்தை மடித்து வைத்து, குழந்தைக்குக் கரைசல் கலக்க உதவினார். அவ்வளவுதான். என் வேலையில் ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தைக்கு மேற்பார்வையாளரிடம் நான் எத்தனை விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

மதியம் வேறொரு முற்றத்தில் ஒரு வயதான அம்மா லோபோன்-குர் கலந்து காட்டினார், உப்பும் வெல்லமும். 1980 முதல் பத்து வருடம் பிராக் தொண்டு நிறுவனத்தின் பெண்கள் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்துபோய்த் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதில் எனக்குப் பிடித்த தந்திரம் சம்பளம்தான். எத்தனை வீடு போனாய் என்பதற்கு இல்லை, நீ போன பிறகு அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, அவள் கலக்கிய கரைசல் சரியாக இருக்கிறதா என்று வேறொருவர் போய்ச் சோதித்து, அதற்குத் தகுந்த பணம். அந்த அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடமாம். நாற்பது வருடத்துக்குப் பிறகும் விரல் மூன்றும் தானாகச் சேர்ந்தன. கலக்கிய தண்ணீரை முதலில் தானே குடித்துப் பார்த்துவிட்டு, கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்று நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் மத்லப் கீர். பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி மண்சட்டியில் தருகிறார்கள், ஊரின் பெருமையே அதுதான். வயிறு சரியாகாதவள் பால் சாப்பிடலாமா என்று அக்கா கேட்டாள். இரண்டு சட்டி சாப்பிட்டேன்.

நாள் 7

திரும்பும் விமானம். கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் வந்த அந்தக் கட்டுரையை டாக்கா விமான நிலையத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் முழுதாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், கலந்துகொண்ட குடும்பங்களுக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அம்மா வீடு எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும், ரேஷன் கடைக்கு அடுத்த சந்து. திங்கட்கிழமை அந்தப் பக்கம்தான் வேலை. ஒரு பக்கத்துக்குள் தமிழில் எழுதிப் பார்த்தேன், நான்கு தடவை அடித்துத் திருத்தியும் ‘எதிர்ப்புரதம்’ என்ற வார்த்தையிலேயே நிற்கிறேன்.

பக்கத்து இருக்கையில் வேலூர் போகிற ஒரு பெரியவர், கூட மகள். இந்தியாவில் இறங்கும்போது கொடுக்க வேண்டிய சீட்டை என்னிடம் நீட்டினார், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். பெயர், பாஸ்போர்ட் எண், வருகையின் நோக்கம் எல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்காமலே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். மகள் சிரித்தாள். பெரியவர் மரியாதைக்கு இரண்டு வரி கேட்டார், மூன்றாவது வரியில் தூங்கிவிட்டார்.